கழுவினால் மட்டும் போதுமா?

சாலையோரம் விளையும் கீரைகளில் சேரும் நச்சு உலோகங்களைப் பற்றி வெளியான கட்டுரை, கீரையை நன்றாகக் கழுவினால் அச்சமில்லை என்று முடிவது பாதி உண்மைதான். இலைமடிப்புகளிலும் காம்பின் அடியிலும் படிந்திருக்கும் கரும்தூசியோடு ஈயத்தில் கணிசமான பகுதி தண்ணீரில் போய்விடும். ஆனால் வேர்வழியே உறிஞ்சப்பட்டு இலைக்குள் சேர்ந்துவிட்ட காட்மியம் என்ற நச்சு உலோகத்தை எத்தனை முறை அலசினாலும் அகற்ற முடியாது. வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 2021இல் உலகெங்கும் முடிவுக்கு வந்தபோதிலும், அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் புகையோடு வந்து இறங்கிய ஈயம் இன்னும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதைக் கட்டுரையாளர் அவசியம் சொல்லியிருக்க வேண்டும். மண்ணில் அமிலத்தன்மை கூடக்கூடக் காட்மியம் வேருக்கு எளிதில் கிடைத்துவிடும் என்பதால், சாலையை ஒட்டிப் பயிரிடுவோர் முதலில் மண்ணைப் பரிசோதித்துவிட்டு, சாலைக்கு மிக அருகிலுள்ள பாத்திகளில் கீரைக்குப் பதிலாகக் காய்ப்பயிர்களை வைப்பதே நல்லது.