கண்டிக்கு வந்தால் முதலில் வாவியை ஒரு சுற்று நடங்கள்

போன மாதம் திருச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கண்டியில் இருந்தது மொத்தமே நாலு மணித்தியாலம். அதில் ஒரு மணித்தியாலம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்திலும் அரை மணித்தியாலம் ஒரு ரத்தினக்கல் கடையிலும் போயிற்று. இரண்டுமே வான் சாரதி கூட்டிக்கொண்டு போன இடங்கள். புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தார்கள், வாவியை வான் ஜன்னலுக்குள் இருந்தபடியே பார்த்தார்கள். அன்றிரவு நுவரெலியா போய்ச் சேர்ந்ததும் சித்தி போன் எடுத்து, "கண்டியில பெருசா ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. சித்தி மேல் கோபமில்லை. பிறந்து வளர்ந்த ஊரை இப்படிக் காட்டி அனுப்புகிறார்களே என்றுதான். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

கண்டியில் என்ன பார்க்கலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஓர் இரவாவது தங்குங்கள், காலையில் எழுந்து வாவியை ஒரு சுற்று நடங்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், நின்று நின்று நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலம் போதும். ஐந்தரைக்கு மாளிகையில் காலைப் பூசைக்கு மேளம் தொடங்கும், அந்தச் சத்தம் தண்ணீர் மேலே வந்து அக்கரை மல்வத்து விகாரைப் பக்கம்வரை கேட்கும். பஸ் இரைச்சல் தொடங்கிவிட்டால் அது கேட்காது. ஏழு மணிக்குப் பிறகு கண்டித் தெருக்களில் வாகனம் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் விடிகாலையிலேயே நடக்கச் சொல்லி அடம்பிடிக்கிறேன் என்று புரியும்.

மாளிகைப் பக்கமாக நடந்தால் வாவி ஓரத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று அலை அலையாக வளைந்து போகும். சிங்களத்தில் வலாகுளு பெம்ம, அதாவது மேகச் சுவர். எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோண மாடங்கள், திருவிழாக் காலத்தில் விளக்கு ஏற்றி வைப்பதற்காக விட்டவை. போன ஞாயிறு ஒரு மாடத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன், உள்பக்கம் சில்லென்று இருந்தது, முந்தின நாள் மழைத்தண்ணீர் ஒரு விரலளவு தேங்கி அதில் ஒரு மர இலை மிதந்தது. அத்தனை மாடத்திலும் எண்ணெய் விளக்கு எரிய, கீழே தண்ணீரிலும் அது தெரிய, இந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அந்தச் சுவர் வாவியை முழுதாகச் சுற்றி முடியவில்லை. கட்டியவனுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கட்டியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி ராஜா. பிறந்த பெயர் கண்ணுசாமி. 1739 இலிருந்து கண்டியை ஆண்ட நாயக்கர் வழியில் வந்தவன், 1798 இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறினான். வயலாகக் கிடந்த நிலத்தில் அணை போட்டு 1807 இல் இந்த வாவியை உண்டாக்கினான், பாற்கடல் என்று பெயர். மாளிகையின் முன்னால் இருக்கிற எண்கோண மண்டபமும் அவன் காலத்ததுதான். பக்கத்தில் மரத்தூண்களில் சிற்பம் செதுக்கிய மகுல் மடுவ என்ற அரச சபை இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தது அங்கேதான். மேகச் சுவர் பாதியில் நின்றதும் அதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் "அப்போ நம்ம ராஜா கட்டினது!" என்று சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படுங்கள், ஆனால் மிச்சக் கதையையும் கேளுங்கள். வாவி வெட்டக் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்ததையும் மறுத்தவர்களைக் கழுவேற்றியதையும் இந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 1814 இல் ராஜாவின் அதிகாரி எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போனபோது அவன் மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்து, பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள், தாயைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அண்ணன் பயந்து பின்வாங்க, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்பார்கள். இங்கே பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். வாவியின் அழகைப் பார்க்கிறபோது எனக்கு இந்தக் கதையும் கூடவே வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

சரி, நடந்து முடித்ததும் மாளிகைக்குள் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். புத்தரின் பல் நேரே தெரியாது, பேழையைத்தான் பார்க்கலாம். காலைப் பூசையைத் தவறவிட்டால் ஒன்பதரைக்கு இன்னொன்று, மாலை ஆறரைக்கு மற்றொன்று. உள்ளே நெரிசல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடுத்து, கையில் தாமரையோடு கிராமத்திலிருந்து வந்திருக்கிற பாட்டிகளைப் பார்ப்பதற்காகவே நான் போவேன்.

வெளியே வந்ததும் பெரும்பாலானவர்கள் வானில் ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். எதிரிலேயே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கின்றன. பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகி. சிங்களவர்கள் நூற்றாண்டுகளாக அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், வருஷா வருஷம் நடக்கிற எசல பெரஹரா திருவிழாவில் அவளுக்கென்று தனி ஊர்வலமே உண்டு. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டு, இறங்கின பிறகு அப்பாயி தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி என்னை இங்கேதான் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாயிக்கு மாரியம்மனும் பத்தினியும் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாவும் தன் பிள்ளையோடு அதே காரணத்துக்காக நின்றிருந்தாராம், இரண்டு பேரும் பூத்தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு பேசியதை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி ஓர் இடத்தை எந்த வான் சாரதியும் காட்டுவதில்லை.

பேராதனைப் பூங்காவுக்கு அரை நாளாவது வேண்டும். மகாவலி வளைந்து ஓடுகிற மடிக்குள் 1821 இலிருந்து வளர்ந்த தோட்டம். இரட்டைத் தேங்காய் மரத்தைப் பாருங்கள், உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது. அப்புறம் பல்கலைக்கழகத்துக்குள் மேட்டில் இருக்கிற குறிஞ்சிக்குமரன் கோயில், அந்தப் படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பைரவகந்த மேல் இருக்கிற பெரிய வெள்ளைப் புத்தரிடம் மாலையில் போனால் வாவியும் நகரமும் மொத்தமாகத் தெரியும், அவ்வளவுதான், நேரமில்லையென்றால் விட்டுவிடலாம்.

ஆனால் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தை விடாதீர்கள். 1925 இல் கட்டிய பழைய தேயிலை பெக்டரி அது. 1867 இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றியும் அந்தக் காலத்து இயந்திரங்களைப் பற்றியும் நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. நான் போன அன்று என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் இயந்திரமும் துரைமாரும்தான். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்துப்போன சனங்களைத் தேடினேன். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் உழைத்தவர்கள் அவர்கள், அப்பாயியின் பாட்டனும் அந்த வழியாகத்தான் வந்தார். அங்கே ஒரு மாடி முழுக்க அவர்களுக்கு இருக்கவேண்டும், இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். அதுவரை நீங்கள் போகிறபோது வாசலில் நின்று மலையைப் பாருங்கள். அதை யார் வெட்டித் திருத்தினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சித்தி அடுத்த முறை வந்தால் வான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொழும்பிலிருந்து ரயிலில் வரட்டும், ஸ்டேஷனுக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். திரும்பிப் போன பிறகு அவர் செய்யவேண்டிய ஒரு வேலையையும் சொல்லியிருக்கிறேன். 1816 இல் ஆங்கிலேயர் கண்ணுசாமியைக் கப்பலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1832 இல் அங்கேயே செத்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் அவன் சமாதி இருக்கிறது. திருச்சியிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். நான் இன்னும் பார்த்ததில்லை, படம் எடுத்து அனுப்புங்கள் சித்தி.