ஏணிதானேன்னு சொல்றவங்கள முதல்ல அதுல ஏத்தி விடணும்

ஒரு மர ஏணி செஞ்சு வாங்குறதுக்குள்ள மனுசனுக்கு இவ்வளவு பிரஷர் ஏறணுமாங்க? வயித்தெரிச்சல்லதான் எழுதுறேன், நீளமா போகும், முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்களுது தென்காசி பக்கம் பழைய மச்சு வீடு. கூடத்துலயே மச்சுக்கு ஏறுற வாய் இருக்கு. மேல புளிப்பானை, பித்தளை அண்டா, பொங்கப்பானை, தாத்தா காலத்து டிரங்குப்பெட்டி, எதுக்கு வச்சிருக்கோம்னே தெரியாத நாலு சாக்கு மூட்டை, எல்லாம் அங்கதான் கெடக்கு. அம்மா எப்பவும் ஏறி இறங்கிட்டே இருப்பா, நான் எடுத்துத் தாரேன்னு சொன்னாலும் கேக்க மாட்டா, நான் போனா புளிக்குப் பதிலா வேற பானைய தூக்கிட்டு வருவேனாம். இருந்த மூங்கில் ஏணி உளுத்துப்போச்சு, லேசா தட்டுனாலே மாவு மாவா கொட்டுது. சரி, நம்ம வீட்டு அளவுக்கு நல்ல மரத்துல ஒன்னு செஞ்சு போட்டுருவோம்னு வாய விட்டேன், அன்னைக்குப் புடிச்சது சனி.

முதல்ல வந்தது அலுமினியம் கோஷ்டி. "இந்தக் காலத்துல எவன்யா மர ஏணி செய்யுறான், ஆன்லைன்ல தட்டு, நாளைக்கு வாசல்ல நிக்கும்." ஏன் சாமி, அலுமினியம்னு ஒன்னு இருக்குறது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுல வாங்கி வச்சிருக்காங்க, ஏறிப் பாத்துட்டுதான் பேசுறேன், வெறுங்கால்ல நின்னா அந்த மெல்லிசு படி உள்ளங்கால அறுக்குது, நடு ஏணிக்குப் போனா லேசா துள்ளுது, எங்கம்மா செருப்பு போட்டுட்டு மச்சுக்கு ஏறுற ஆளா? அது போக மாடிப்பக்கம் இபி சர்வீஸ் ஒயர் தலைக்கு மேல போகுது, இதே ஏணியத்தான் அங்கயும் தூக்கிட்டுப் போவோம், அலுமினியம் அதுல உரசுனா கதை முடிஞ்சது. காஞ்ச மரம்னா கொஞ்சமாச்சும் தப்பிக்கலாம் (நனைஞ்ச மரமும் கரண்ட் கடத்தும், அது வேற விஷயம், மழையில யாரும் ஏணி போடாதீங்க). இத ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலிக்குது. எனக்கு மரம் வேணும்யா, உன் வீட்டுலயா கொண்டாந்து சாத்தப் போறேன்?

சரின்னு மர டிப்போவுக்குப் போனேன். செங்கோட்டைப் பக்கம் மரக்கடைக்கா பஞ்சம். வாயத் தொறந்தா தேக்கு. "வீட்டுச் சாமான் சார், ஒரு தடவ செய்யுறது, பர்மா தேக்கா போட்டுருங்க." பர்மாவுல உருட்டு மரமா ஏத்துமதி பண்றத 2014 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் அறுத்த கட்டையா வந்தாத்தான் உண்டு, ஆனா நம்மூர் டிப்போவுல மட்டும் பர்மா உருட்டு மரம் அட்சய பாத்திரம் மாதிரி தீரவே மாட்டேங்குது. கொஞ்சம் குடைஞ்சு கேட்டா கேரளா நிலம்பூர் தேக்குன்னு இறங்கி வருவாங்க, இன்னும் குடைஞ்சா ஈக்வடார், கானான்னு உண்மை மெதுவா வெளிய வரும். அந்த மரம் ஒன்னும் கேவலம் இல்ல. தோட்டத்துல வளத்து சீக்கிரம் வெட்டுறது, ஓரத்து வெள்ளை மரம் ஜாஸ்தி, நடுவுல இருக்குற கெட்டி வைரம் கம்மி, அவ்வளவுதான. அத அதுன்னு சொல்லி அதுக்கு உண்டான விலைய சொன்னா வாங்கிட்டுப் போறேன், எதுக்கு இந்த பர்மா பூச்சூட்டல்?

ஏணிக்கு மரம்னா முதல்ல பாக்க வேண்டியது ஜாதி கூட இல்ல, நார். ரெண்டு பக்கமும் நெட்டுக்கு நிக்குற நெட்டுக்கட்டையில நார் மேலருந்து கீழ வரைக்கும் நேரா ஓடணும், சாய்ஞ்சு ஓரத்துல போய் முடிஞ்சுதுன்னா வெயிட்டு விழுறப்போ அங்கதான் விண்டுக்கும். நடுவுல பெரிய கணு இருக்கக்கூடாது. பச்சை மரமா இருக்கக்கூடாது, இன்னைக்கு இறுக்கமா சொருகுன படி மரம் காயக் காய சுருங்கி ஆட ஆரம்பிச்சுரும். இந்த மூணையும் கடைக்காரர் யாராச்சும் வாயால சொன்னாங்களான்னு கேளுங்க. நானா ஒரு கட்டைய தூக்கி கண்ணுக்கு நேரா வச்சு பாத்தா, "சார் இன்ஜினியரா?"ன்னு ஒரு நக்கல் வேற.

அடுத்தது கன அடி கணக்கு, இதுலதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறுச்சு. 11 அடி ஏணி. ரெண்டு நெட்டுக்கட்டை, 3 இன்ச்சுக்கு ஒன்றரை. 10 படி, ரெண்டரைக்கு ஒன்னேகால், ஒவ்வொன்னும் 16 இன்ச் நீளம். பெருக்கிப் பாருங்க, நெட்டுக்கு 1188, படிக்கு 500, மொத்தம் 1688 கன இன்ச். ஒரு கன அடின்னா 1728. அதாவது முழுசா ஒரு கன அடி கூட வரல! இழைப்புல போறது, துண்டு விழுறதுன்னு தாராளமா சேத்தாலும் ஒன்னேகால்ல முடியணும். அந்த மனுசன் கால்குலேட்டர்ல என்னத்தையோ தட்டிட்டு ரெண்டரைன்னு நீட்டுறாரு. மீதி மரத்துல என்ன செய்வீங்கன்னு கேட்டா "வேஸ்டேஜ் சார்"ங்கறாரு. ஒரு ஏணி வாங்குனா இன்னொரு ஏணி வேஸ்டேஜா?

இன்னொரு கடையில வேற மாதிரி. "தேக்கெல்லாம் எதுக்கு, சால் மரம் போடுங்க, இரும்பு மாதிரி நிக்கும்." நிக்கும், யாரு தூக்குறது? தேக்குன்னா இந்த ஏணி 18 கிலோ பக்கம் வரும், சால்னா 24 கிலோ வந்துரும். கூடத்துல எடுத்துச் சாத்துறது அம்மாதான, அவ தூக்குவாளா மாட்டாளான்னு ஒருத்தர் கேக்கல. யாரு ஏறுவாங்க, எங்க சாத்துவீங்க, ஒத்தையாளா தூக்குவீங்களா, இந்த மூணு கேள்விய கேக்காம ஏணிக்கு மரம் சொல்றதுக்கு எப்படித்தான் வாய் வருதோ.

இப்ப ஆசாரி கதைக்கு வாரேன். கைவேலைக்காரங்கள குறை சொல்லணும்னு எனக்கு ஆசை இல்ல, எங்க வீட்டு நிலைக்கதவு நூறு வருசத்துக்கு முன்னால எவரோ ஒரு ஆசாரி உளியால செஞ்சது, இன்னைக்கும் விரல்ல தள்ளுனா போதும், திறக்கும். ஆனா எனக்கு வாய்ச்ச ஆளு இருக்காரே. வந்தாரு, மச்ச அண்ணாந்து பாத்தாரு, பாக்கெட்டுல டேப்பு இருக்கு, எடுக்கல. "எட்டடி தம்பி, எட்டடிக்கே போட்டுருவோம்." மச்சு தரை எட்டடி சரி. ஏணி சாய்ஞ்சுல்ல நிக்கணும், நாலடி உயரத்துக்கு ஒரு அடி வெளிய தள்ளி வைக்கணும், அப்ப எட்டடிக்கு காலு ரெண்டடி தள்ளி வரும், அதுக்கு மேல மூணு அடி பக்கம் ஏணி நீட்டிட்டு இருந்தாத்தான் அம்மா மச்சுல கால் வைக்கும்போதும் இறங்க திரும்பும்போதும் புடிச்சுக்க ஒன்னு இருக்கும், அதான் 11 அடின்னு சொல்றேன். அவரு சிரிக்காரு. "நான் பாக்காத ஏணியா தம்பி, முப்பது வருசமா உளி புடிக்கேன்." அட்வான்ஸ் கைக்குப் போனதும் போனு எடுக்குறது நின்னுபோச்சு. எடுத்தா "நாளைக்கு". எந்த நாளைக்குன்னு கேட்டா லைன் கட்டாயிரும்.

கடைசியில ஏணி வந்துச்சு. நீளம் 11 அடி, போராடி வாங்குனது. ஏறிப் பாத்தேன், கால் தடுமாறுது. திரும்ப ஏறுனேன், அதே இடத்துல திரும்பவும் தடுமாறுது. டேப்ப வச்சு அளந்தா கீழ எல்லாம் படிக்குப் படி 12 இன்ச், மேல போகப் போக 10, அப்புறம் 9, கடைசியில ஒரு இடத்துல 8! படி எண்ணுனா பதினொன்னு. நான் சொன்னது பத்து. என்ன ஆசாரியேன்னு கேட்டா சாவகாசமா சொல்லுதாரு, "பத்துன்னா நஷ்டத்துல முடியும் தம்பி. லாபம், நஷ்டம், லாபம்னு எண்ணிட்டு வந்தா பதினொன்னுலதான் லாபத்துல முடியும், அதான் ஒன்ன கூட சேத்தேன், உங்க நல்லதுக்குத்தான்." மாடிப்படிக்கு இந்தக் கணக்கு பாப்பாங்க, தெரியும், நம்புறவங்க நம்பட்டும். ஒத்தப்படைதான் வேணும்னா முதல்லயே சொல்லியிருந்தா ஒரு அடி நீளத்த கூட்டி பதினொன்னையும் சமமா போட்டிருக்கலாமே! கால் ஒரு படி ஏறுனதுமே அடுத்த படி இவ்வளவு தூரத்துலதான் இருக்கும்னு பழகிக்கும், நாம கீழ பாத்து பாத்தா ஏறுறோம், அதுவும் கையில பானையோட இறங்கும்போது? 12க்கு பழகுன கால் 8 இன்ச்சுல போய் முட்டுனா என்ன ஆகும்? விழுந்து இடுப்பு போச்சுன்னா அந்த லாபத்த எந்த ஆஸ்பத்திரியில கட்டுறது?

அதோட விட்டாரா. படிய நெட்டுக்கட்டையில துளை எடுத்து சொருகி ஆப்பு அடிக்கணும்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தேன். துளை எடுக்க நேரமாகுமாம், நெட்டு மேல படிய வச்சு ரெண்டு ரெண்டு ஆணி அடிச்சு தள்ளிட்டாரு. ஆணி போன இடத்துல ஏற்கனவே தலைமுடி மாதிரி விண்டுக்கிட்டு நிக்குது. ஏறுறவ உடம்பு வெயிட்டு பூரா அந்த ரெண்டு ஆணி கழுத்துலதான்! அத காட்டுனா "ஃபெவிகால் வச்சிருக்கேம்லா"ங்காரு.

சரி, இந்தப் பொழப்பே வேணாம்னு டவுன்ல ஒரு ஃபர்னிச்சர் கடை, கஸ்டம் மேட்னு வாசல்ல பெரிய போர்டு, ஏசி, உள்ள போனா காபி, மரியாதை எல்லாம் பலமா இருந்துச்சு. ஏணி வேணும்னு சொன்னதும் அந்தத் தம்பி டேப்லெட்ட எடுத்து நீட்டுறான், கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, "செடி வைக்கவா சார், டவல் போடவா?" ஏறுறதுக்குப்பான்னு சொன்னேன். அவன் முகத்த பாக்கணுமே. ரெண்டாவது கேள்வி, "வால்நட் ஃபினிஷா, ஹனியா?" உயரம் கேக்கல. எவ்வளவு வெயிட்டு தாங்கணும்னு கேக்கல. படிக்கெல்லாம் சேத்து கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தருவாங்களாம், வழவழன்னு இருக்குமாம். ஏறுற படி வழவழன்னு இருக்குறது நல்லதாய்யா? நெட்டுக்கு என்ன வேணா போடு, கால் வைக்கிற இடத்த சொரசொரப்பா விடுன்னா, "லுக் போயிரும் சார்."

அங்கயே ஓரமா யாரோ ஆர்டர் குடுத்த ஏணி ஒன்னு டெலிவரிக்கு ரெடியா நின்னுச்சு, சாக்லேட் கலர் பெயிண்டு, பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. நெட்டுல ஒரு இடத்துல மட்டும் வெளிச்சம் கொஞ்சம் வேற மாதிரி விழுந்துச்சு, பள்ளம் மாதிரி. நகத்தால சுரண்டுனேன், பெயிண்டு ஏடா வந்துச்சு, அடியில வெள்ளையா பட்டி. வண்டி சாவி நுனிய வச்சு லேசா நெம்புனேன், பொலபொலன்னு உதிருது, உள்ள பாத்தா அஞ்சு ரூபா காசு அகலத்துக்கு செத்த கணு, கழண்டு விழுந்த ஓட்டைய பட்டி வச்சு மூடி மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க. மூணு இன்ச் கட்டையில மூணுல ஒரு பங்கு அங்க இல்லவே இல்ல! எந்த வீட்டுக்குப் போற ஏணியோ, எந்த அம்மா ஏறப்போறாளோ. இதுக்குத்தான் மர ஏணிக்கு பெயிண்டே அடிக்கக்கூடாதுங்கறது, அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு, மரத்துல இருக்குற விரிசல் குறைய மறைக்கிற எதையும் மர ஏணி மேல பூசாதேன்னு. உள்ள இருக்குறது தெரியுற மாதிரி லின்சீட் ஆயில் தேய்ங்க, இல்ல கலர் இல்லாத வார்னிஷ் அடிங்க, முடிஞ்சது. நான் அந்த ஓட்டைய காட்டுனதுக்கு கடைக்காரருக்கு கோவம் எம்மேல, "டேமேஜ் பண்ணிட்டீங்களே சார்"ங்கறாரு.

இதுல சொந்தக்காரங்க தொல்லை தனி டிராக். மாமா ஒருத்தரு போன் போடும்போதெல்லாம் "ஒரு ஏணிக்கா இந்தப் பாடு படுத, ஏணிதானடே"ம்பாரு. கட்டில் ஆடுனா தூக்கம் கெடும், மேசை ஆடுனா காபி சிந்தும், ஏணி ஆடுனா ஆளு போயிரும். டிவி ஸ்டாண்டுக்கு மாசக்கணக்குல டிசைன் பாக்குற ஜனம், உசுர வச்சு ஏறுற சாமானுக்கு மட்டும் மிஞ்சுன கட்டையில ஒன்ன தட்டிக் குடுங்கன்னு போய் நிக்குது. அப்படி நின்னா ஆசாரியும் அப்படித்தான் செய்வாரு, கடைக்காரனும் அப்படித்தான் விப்பான். அந்த மாமாவத்தான் முதல்ல அந்த 8 இன்ச் படியில ஏத்தி விடணும்.

இப்ப நிலவரம் என்னன்னா, ஆசாரி செஞ்ச ஏணி வேணாம்னு திருப்பியாச்சு, அட்வான்ஸ்ல பாதி தாரேன்னு சொல்லியிருக்காரு, அதுவும் "நாளைக்கு". நானே வேற டிப்போவுல போய் ஒவ்வொரு கட்டையா நார் பாத்து, கணு பாத்து, பில்லுல ஒன்னேகால் கன அடின்னு எழுத வச்சு காஞ்ச தேக்கு வாங்கிட்டு வந்து வீட்டு முன்பக்கத் தார்சாவுல அடுக்கி வச்சிருக்கேன். அம்மாவ அதுவரைக்கும் ஏறாதன்னு சொன்னா, முக்காலி மேல நாற்காலி போட்டு ஏறப் பாக்கா, அது ஒரு பக்கம் பகீர்னு இருக்கு. துளை எடுத்து ஆப்பு அடிக்கத் தெரிஞ்ச ஆசாரி யாராச்சும் இந்தப் பக்கம் இருந்தா சொல்லுங்க. வீட்டுக்கே வந்து, என் கண்ணு முன்னால செய்யணும், மத்தியானம் சாப்பாடு எங்க வீட்டுல, ரெண்டு வேள காபி, கூலி அன்னன்னைக்கு சாயங்காலம் கையில. ஒத்தப்படைதான் வேணும்னா போடட்டும், பதினொன்னையும் சமமா போடட்டும், நீளத்துக்கு மரம் இருக்கு. பெயிண்டு டப்பாவும் பட்டியும் எடுத்துட்டு வந்தா மட்டும் வாசல்லயே வச்சு அனுப்பிருவேன்.