முன் சில்லு அட்டனுக்கு, பின் சில்லு கொழும்புக்கு

(வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஐந்தாம் மாடி வீடு. லிப்ட் வழக்கம்போல் ஓய்வில். கதவைத் திறப்பவர் சுதன். கணக்காளர், வயது முப்பத்தைந்து. வெளியே ராசையா அண்ணன், அறுபதைத் தாண்டியவர். போகவந்தலாவைத் தோட்டத்துக் கராஜில் தொழில் பழகி, இப்போது தெமட்டகொடையில் சொந்தக் கராஜ். ஒரு கையில் ஸ்பேனர் பெட்டி, மறு கையில் ஜாக்கி. மூச்சு மட்டும் இன்னும் மூன்றாம் மாடியில்.)

ராசையா: தம்பி... கீழ பார்க்கிங் பூராவும் தேடிட்டேன். ஜீப்பக் காணோம். எங்க விட்டிருக்கீங்க?

சுதன்: உள்ளுக்கை வாங்கோ அண்ணை. சாப்பாட்டு மேசையிலை நிக்குது.

ராசையா: என்னா நிக்குது?

சுதன்: ஜீப்.

(ராசையா அண்ணன் மேசையைப் பார்க்கிறார். ஜாக்கியைப் பார்க்கிறார். மேசைமேல் இருப்பதை விட ஜாக்கியே கனமாகத் தெரிகிறது.)

ராசையா: போன்ல என்னா சொன்னீங்க? லேண்ட் ரோவர், கியர் விழுது, எஞ்சின் சுத்தல்ல, உடனே வாங்கன்னீங்க. த்ரீவீலுக்குக் காசு குடுத்து, இந்த ஜாக்கியத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி ஏறி வந்திருக்கேன்.

சுதன்: அதிலை ஒரு பொய்யும் இல்லையே அண்ணை. லேண்ட் ரோவர்தான். கியர் விழுது. எஞ்சின் சுத்தேல்லை.

ராசையா: சைஸ் சொல்லல்லியே!

சுதன்: நீங்கள் கேக்கேல்லையே.

ராசையா: நாப்பது வருசமா எவன்கிட்டயும் வண்டி எத்தனை சாண்னு கேட்டதில்லப்பா! சரி, தண்ணியாவது குடுங்க. குடிச்சிட்டுப் போறேன்.

(போகவில்லை. உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். மெக்கானிக் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டாரென்றால் வேலைக்கு இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.)

ராசையா: சின்னப் புள்ளைங்க அடுக்கி வெளையாடுற கட்டைதானே இது?

சுதன்: லெகோதான். ஆனா டெக்னிக் எண்டு ஒரு வகை, 1977இலை இருந்து வருது. அடுக்குற வேலை இல்லை. ஓட்டை போட்ட சட்டம், பூட்டுற முளை, பல்லுச் சில்லு, அச்சு. இது 2019இலை வந்த லேண்ட் ரோவர் டிபெண்டர். நீளம் 42 சென்ரிமீற்றர். மொத்தம் 2573 துண்டு.

ராசையா: ரெண்டாயிரத்து ஐந்நூறா? எங்க தொரை ஜீப்புல அவ்வளவு சாமான் இருந்திருக்கும், இல்லேன்னு சொல்லல்ல. மலை ஏறி எறங்குறதுக்குள்ள பாதி ரோட்டுல விழுந்துரும். இது எப்பிடி நாட்டுக்குள்ள வந்துச்சு? வண்டி எறக்குமதிதான் நிப்பாட்டி வச்சிருந்தாங்களே.

சுதன்: 2020 மார்ச்சிலை நிப்பாட்டி, கார் ஜீப்புக்கு 2025 பெப்ரவரியிலைதான் திரும்பக் கதவு திறந்தவங்கள். என்ர ஜீப் அதுக்கு முதலே வந்திட்டுது. கனடாவிலை இருந்து மச்சான் வரேக்கை, சூட்கேசிலை, புட்டு மாக்குழலுக்குப் பக்கத்திலை.

ராசையா: கனடாவுல இருந்து எதுக்குய்யா மாக்குழலு?

சுதன்: அது வேறை கதை அண்ணை. மாமியின்ர கதை.

(ராசையா அண்ணன் பொனட்டைத் திறக்கிறார். ஆறு பிஸ்டன் வரிசையாக. தன்னை அறியாமல் டோர்ச் அடிக்கிறார்.)

ராசையா: இன்லைன் சிக்ஸா... ம். கியர் எத்தனை?

சுதன்: நாலு. அதோடை ஹை, லோ. சுத்தைப் பிரிச்சுக் குடுக்கிற டிப், அதுதான் டிபரன்சியல், சில்லுப் பக்கம் ரெண்டு, நடுவிலை ஒண்டு. முன்னுக்கு வின்ச்சும் இருக்கு, நூல் சுத்தி இழுக்கலாம்.

ராசையா: நடுவுல டிப்பா? பழைய லேண்ட் ரோவருக்கு அது கெடையாதே. மஞ்சக் குண்டு ஒண்ணு, செவப்புக் குண்டு ஒண்ணு இருக்கும். மஞ்சளை அமத்தினா நாலு வீலும் இழுக்கும். செவப்பைப் பின்னால இழுத்தா லோ. மஞ்சளை அமத்தினபடியே தார் ரோட்டுல ஓட்டினீங்கன்னா முன் அக்சிலும் பின் அக்சிலும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு, குண்டு திரும்ப மேல வராது. வண்டிய ரிவர்ஸ்ல கொஞ்சம் எடுத்து, கெட்ட வார்த்தை நாலு சொன்னாத்தான் வரும்.

சுதன்: அது பழைய சீரிஸ் வண்டி அண்ணை. 1983இலை சுருள் ஸ்பிரிங்கோடை வந்த வன்டென்னிலை இருந்து நடு டிப் இருக்கு.

ராசையா: எனக்கே சொல்லித் தாறீங்களா?

சுதன்: சொல்லித் தரேல்லை. ஞாபகப்படுத்தினனான்.

(ராசையா அண்ணன் இப்போது குனிந்து அடிப்பக்கம் பார்க்கிறார். முகம் மாறுகிறது.)

ராசையா: அட! முழு அக்சில் போட்டிருக்கு! ரெண்டு வீலும் ஒரே தண்டுல!

சுதன்: அதுதான் என்ர வேலை. பெட்டியிலை தந்தது புது டிபெண்டர். அதுக்கு நாலு சில்லும் தனித்தனியா ஆடும். முழு அக்சில் இல்லை, கீழை ஏணிச் சட்டம் இல்லை.

ராசையா: அது ஜீப்பு இல்லப்பா. கலியாணத்துக்குப் போற காரு. 1948ல இருந்து 2016 வரைக்கும் அதே எலும்புல செஞ்சுக்கிட்டிருந்தாங்க. இரும்புத் தட்டுப்பாடு காலத்துல பாடிய அலுமினியத்துல அடிச்சாங்க, சட்டம் மட்டும் இரும்பு. பாடி அப்பிடியே இருக்கும், கீழ சட்டம் உளுத்துப் போயிரும். பாத்தா ஜம்முன்னு இருக்கும், ஏறி உக்காந்தா முடிஞ்சிச்சு.

சுதன்: அதைத்தான் நானும் யோசிச்சனான். உண்மையான ஜீப் வேணும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் முழு அக்சில் கட்டினனான். நாலு தடி குடுத்துத் தொங்க விட்டு, மேலை சுருள் ஸ்பிரிங்.

ராசையா: அதைப் பாக்காம விடக்கூடாது. மேடு இருக்கா? ஒரு மேடு கொண்டாங்க.

சுதன்: மேட்டுக்கு எங்கை போறது? டின் மீன் இருக்கு.

ராசையா: கொண்டாங்க.

(டின் மீன் ஒன்று முன் வலது சில்லுக்கு அடியில் போகிறது. அந்தச் சில்லு மேலே ஏற, இடது சில்லு அதே அளவுக்குக் கீழே அமர்கிறது. உடல் சாயவில்லை, நாலு சில்லும் நிலத்தை விடவில்லை. இந்த ஓர் இடத்தில் ராசையா அண்ணன் பேசாமல் இருந்ததை எழுதி வைக்க வேண்டும். பிறகு அப்படி நடக்கவில்லை.)

ராசையா: இதுக்குத்தான் முழு அக்சில்ங்கறது. ஒரு பக்கம் தூக்கினா மத்தப் பக்கத்த அமத்தும். டயர் நல்லா இருக்கே. எந்தக் கம்பனி?

சுதன்: அவங்களே செய்யுறது. எண்ணிக்கையிலை பாத்தா உலகத்திலை கூடுதலா ரயர் செய்யுற கம்பனியள்ளை லெகோவும் ஒண்டு.

ராசையா: அலைன்மென்ட் பாக்கச் சொல்லி ஒருத்தனும் வந்ததில்லையே, அதான் எனக்குத் தெரியல. சரி, நோய் என்னா?

சுதன்: கியரிலை போட்டுத் தள்ளினா பிஸ்டன் ஏறி இறங்க வேணும். தள்ளுறன், சில்லு உருளுது, பிஸ்டன் அசையேல்லை. கடற்கரைப் பாதையிலை ரயில் போகேக்கை மட்டும் மேசையோடை சேந்து கொஞ்சம் ஆடுது.

ராசையா: கியர்ல இருக்கா? நியூட்ரல்ல விட்டுட்டு எஞ்சின் போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்த டாக்டர்மாரையே பாத்திருக்கேன்.

சுதன்: முதலாம் கியர். லோ.

ராசையா: அப்ப ஜாக்கி அடிக்கணும்.

சுதன்: அண்ணை, அந்த ஜாக்கி வேண்டாம்! மேசைக் கண்ணாடி போயிடும். மனிசி ஏற்கெனவே மடியிலை பிளேற் வச்சுச் சாப்பிடுறா.

(இன்னும் மூன்று டின் மீன் வருகிறது. நாலு மூலையிலும் சட்டத்துக்கு அடியில் டின் வைத்து, சில்லுகள் அந்தரத்தில். ராசையா அண்ணன் எஞ்சின் முன்னால் இருக்கும் காற்றாடியை விரலால் சுற்றுகிறார்.)

ராசையா: பின் வீலு ரெண்டையும் புடிங்க. நான் சுத்துறேன். முன்னது எந்தப் பக்கம் போகுது?

சுதன்: முன்னுக்குப் போகுது அண்ணை.

ராசையா: இப்ப முன் வீலப் புடிங்க. பின்னது?

சுதன்: ...பின்னுக்குப் போகுது.

ராசையா: புரிஞ்சுச்சா? ஒங்க முன் சில்லு அட்டனுக்குப் போகுது, பின் சில்லு கொழும்புக்குத் திரும்பி வருது. ரெண்டும் கித்துல்கலயில சந்திச்சு டீ குடிக்குது. எஞ்சினுக்கு என்னா வேலை?

சுதன்: ஆனா தள்ளேக்கை லேசா உருளுதே. இறுகி நிக்க வேணுமெல்லே?

ராசையா: நடு டிப் இல்லேன்னா இறுகியிருக்கும். அது இருக்கறதால தப்பிச்சிருச்சு. முன் அக்சில்ல இருந்து ஒரு சுத்து முன்னால வருது, பின் அக்சில்ல இருந்து ஒரு சுத்து பின்னால வருது. நடுவுல ரெண்டையும் கூட்டுறான். கணக்குப் பாக்குற ஆளுதானே நீங்க? கூட்டினா என்னா?

சுதன்: சைபர்.

ராசையா: அந்த சைபரத்தான் ஒங்க எஞ்சினுக்கு அனுப்பிக்கிட்டிருக்கு. பின் டிப்புல கிரவுன் வீலை, அந்தப் பெரிய பல்லுச் சில்ல, பினியன்ங்கற சின்னப் பல்லுச் சில்லுக்கு மறுபக்கம் மாட்டியிருக்கீங்க.

(சுதன் தலையில் கை வைக்கிறார். வரவு செலவு இரண்டும் நேரானதைப் பார்த்து மகிழாத முதல் கணக்காளர் இவராகத்தான் இருப்பார்.)

ராசையா: வெக்கப்படாதீங்க. நம்ம கராஜ்ல ஒரு பய கொழுந்து லொறிக்குப் பின் அக்சிலையே தலைகீழா மாட்டிட்டான். அதே நோய்தான். ஃபர்ஸ்ட் கியர் போட்டா பின்னால போகுது. ரிவர்ஸ் போட்டா முன்னால போகுது. ஃபேக்டரியில கொழுந்து வாடுற நேரம். என்னா செய்ய? ரிவர்ஸ் கியர்லயே மூணு மைல் முன்னால ஓட்டிக் கொண்டாந்து சேத்தோம். தொரை கேட்டாரு, ஏன்டா இவ்வளவு மெதுவா வாறீங்கன்னு. நம்ம டிரைவர் சொன்னான், பின்னால வந்துக்கிட்டிருக்கோம்ங்கன்னு.

சுதன்: உண்மையே இது?

ராசையா: வண்டியப் பாருங்க.

(உண்மையா என்ற கேள்விக்கு மெக்கானிக்குகள் எல்லோரும் தரும் பதில் இதுதான். பின் உடல் கழற்றப்படுகிறது. கூரை, கதவு, உதிரிச் சில்லு எல்லாம் பழைய வீரகேசரித் தாள்மேல் வரிசையாகப் படுக்கின்றன. ராசையா அண்ணனின் விரல் எதற்குள்ளும் நுழையவில்லை.)

ராசையா: இந்த எடத்துக்கு ஒரு ஸ்பேனரும் எறங்காது போலயே.

சுதன்: ஸ்பேனரே தேவையில்லை அண்ணை. நகம்தான். அந்த முளையை வெளியாலை இழுங்கோ.

ராசையா: நகத்த அஞ்சு வயசுலயே கிரீஸ் தின்னிருச்சு. ஆ, கிரீஸ்! பல்லு காஞ்சு கெடக்கு. பெட்டியில டின் இருக்கு, ஒரு சொட்டு...

சுதன்: ஐயோ வேண்டாம்! பிளாஸ்ரிக் அண்ணை. அது காய்ஞ்சுதான் ஓடும்.

ராசையா: ஒயில் ஒழுகாத லேண்ட் ரோவர வச்சுக்கிட்டு உண்மையான ஜீப்புன்னா எவன் நம்புவான்?

(டிப் திருப்பப்படுகிறது. அக்சில் மீண்டும் ஏறுகிறது. டின் மீன்களை எடுத்துவிட்டு ராசையா அண்ணன் ஒற்றை விரலால் தள்ளுகிறார். ஆறு பிஸ்டனும் ஏறி இறங்குகின்றன. சுதன் கைதட்டுகிறார். ராசையா அண்ணன் தட்டவில்லை. காதைப் பொனட்டோடு வைத்துக் கேட்கிறார்.)

சுதன்: சரி வந்திட்டுது அண்ணை! கூலி எவ்வளவு?

ராசையா: இருங்க. மூணாவது கியர்ல ஒரு கரகரப்பு கேக்குது. எங்கயோ அச்சு ரொம்ப நெருக்கிப் பூட்டியிருக்கு. அத விட்டா ஒரு மாசத்துல பல்லு போயிரும்.

சுதன்: ஒரு மாதமே? நான் இதை அலுமாரிக்கு மேலை வைக்கப்போறன்.

ராசையா: அலுமாரிக்கு மேல வைக்கிற வண்டிக்கும் கியர் சுத்தமா விழணும் தம்பி. பெட்டிய எறக்குங்க. நடு டிப்பையும் எடுத்துருவோம். மஞ்சக் குண்டு, செவப்புக் குண்டு ரெண்டும் போடுவோம். மஞ்சள்ல ஒரு உருண்டை இருக்கான்னு அந்தப் பெட்டியில தேடுங்க.

சுதன்: அண்ணை, மனிசி ஆறு மணிக்கு வந்திடுவா.

ராசையா: வந்தாங்கன்னா லைட்டப் புடிக்கச் சொல்லுங்க.

(அவருடைய போன் அடிக்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் கியர்ப் பெட்டியோடு பேசுகிறார்.)

ராசையா: ஹலோ... ஆமாங்க சேர், ஒங்க வேன் நாளைக்குத்தான். இன்னைக்கு முடியாது. லேண்ட் ரோவர் ஒண்ணு வந்திருச்சு... ஆமா, டிபெண்டர். பின் டிப்பு மாட்டியாச்சு, இப்ப கியர் பெட்டிய எறக்கி கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்... இல்லீங்க, கராஜ்ல இல்ல. வெள்ளவத்தையில, அஞ்சாம் மாடியில... ஆமா, வண்டியும் அஞ்சாம் மாடியிலதான்... சேர்? ஹலோ? இல்லீங்க சேர், சத்தியமா குடிக்கல.