பட்டம் வேறு, பிரின்சிபல் சான்றிதழ் வேறு

"அமெரிக்காவில் கல்வித் தலைமைத்துவத்தில் எம்.எட். முடித்தால் நேரே பிரின்சிபல் வேலைதான், வகுப்பெடுத்த அனுபவமெல்லாம் கேட்கமாட்டார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை இது தவறு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். பிரின்சிபல் சான்றிதழ், அதாவது பிரின்சிபலாக வேலை பார்ப்பதற்கான உரிமம், தருவது அந்தந்த மாநிலம்.

டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலைப் பட்டம் வேண்டும், சரி. கூடவே ஆசிரியர் சான்றிதழ், 2 வருட வகுப்பறை அனுபவம், மாநிலம் அங்கீகரித்த பிரின்சிபல் பயிற்சி எல்லாம் வேண்டும். அப்புறம் பிரின்சிபல் ஆக விரும்புகிறவர்களுக்கான, 268 என்ற எண்ணுள்ள தேர்வு. அதோடும் விடமாட்டார்கள்; 'பாசல்' (PASL) என்று இன்னொரு செயல்முறை மதிப்பீடும் இருக்கிறது. நிஜப் பள்ளி ஒன்றில் சக ஆசிரியர்களோடு செய்த வேலையை வீடியோ உட்பட ஆதாரத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்து தேறுகிற சமாச்சாரம் இல்லை.

'கல்விக் கொள்கை' என்று மட்டும் பெயர் உள்ள படிப்புகள் பெரும்பாலும் ஆய்வு, அரசுத் துறை, தொண்டு நிறுவனம் பக்கம் போகிறவர்களுக்கானவை. தனியார் பள்ளிகளில் வேண்டுமானால் நண்பர் சொன்னது நடக்கலாம். பணம் கட்டுமுன், "இது எந்த மாநிலச் சான்றிதழுக்குச் செல்லும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.