இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடையாதா?

‘ஆராய்ச்சி உதவித்தொகை முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும்தான், இளநிலையில் விண்ணப்பித்தால் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள்’ என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்க நாடாளுமன்றம் 1986-இல் உருவாக்கிய கோல்ட்வாட்டர் உதவித்தொகையையே பாருங்கள். அறிவியல், கணிதம், பொறியியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் இளநிலை மாணவர்களுக்கானது அது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு அதில் இடமே இல்லை. ஆண்டுக்கு 7,500 டாலர் வரை தருகிறார்கள். ஆனால் நேரடியாக விண்ணப்பித்துப் பெற முடியாது, கல்லூரிதான் பரிந்துரைக்க வேண்டும். இதை அறியாமல் பலர் கடைசி ஆண்டு வரை காத்திருந்து வாய்ப்பை இழப்பதுதான் என்னை வருத்துகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது பொருந்தாது.

கனடாவிலும் அரசு ஆராய்ச்சி மன்றமான என்செர்க், இளநிலை மாணவர்கள் ஆய்வகத்தில் முழுநேரம் பணிபுரிய உதவித்தொகை வழங்குகிறது.