ஒரு தப்புக்கு மூன்று வட்டம்

சனிக்கிழமை போட்ட விடைத்தாள் படத்துக்கு இன்னும் கமெண்ட் வந்துகொண்டிருக்கிறது. வாத்தியாரைத் தெருவுக்கு இழுக்கலாமா என்கிறார்கள். பேரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை, எங்கே இழுத்தேன்?

படத்தைப் பார்க்காமலே பொங்கியவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். தம்பி மகன், பத்தாவது, காலாண்டுத் தேர்வு. 230 வோல்ட்டில் ஓடும் ஹீட்டர், மின்தடை 46 ஓம், 2 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று கேள்வி. 4 மார்க். ஓம் விதி எழுதினான், எண்களைப் பிரதியிட்டான், 230ஐ 46ஆல் வகுத்து 6 ஆம்பியர் என்று எழுதிவிட்டான். 5 வரணும். தப்புதான், யார் இல்லை என்றது? அதற்கப்புறம் 230ஐ 6ஆல் பெருக்கி 1380 வாட், 2 மணி நேரத்துக்கு 2760 வாட்-மணி, அதாவது 2.76 யூனிட் என்று பிசகில்லாமல் போட்டிருக்கிறான். சரியான விடை 2.3. மூன்று வரிக்கும் மூன்று சிவப்பு வட்டம், ஓரத்தில் அரை மார்க். அது சூத்திரத்துக்காம். பெரிய மனசு!

பையன் செய்தது ஒரே ஒரு தப்பு. வகுத்தலில். அதற்குக் குறையுங்கள், ஒரு மார்க்கே குறையுங்கள். அடுத்த இரண்டு வரியில் என்ன தப்பு? பொதுத்தேர்வு விடைக்குறிப்பிலேயே சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று பிரித்துத்தானே மார்க் போடுகிறார்கள்.

"ராக்கெட் விடும்போது இப்படித் தப்புப் போட்டால்?" என்று ஒருவர். போட்டார்களே ஐயா. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலமே 1999ல், ஒரு பக்கம் பவுண்டு, ஒரு பக்கம் நியூட்டன் என்று அலகு குழம்பித்தான் போனது. அத்தனை கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கே தப்பு வரும், கால்குலேட்டர் இல்லாத பதினைந்து வயசுப் பையனுக்கு வரக்கூடாதா? மருந்து அளவு தப்பினால் உயிர் போகும் என்றார் இன்னொருவர். சரி, போகும். ஹீட்டர் கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

போன ஜூனில் மேட்டூர் திறப்பு பற்றி நானே எழுதினேன், வினாடிக்கு 10,000 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி என்று. 11,574 வேண்டும் என்று நீங்கள்தான் திருத்தினீர்கள். பதிவையே குப்பை என்று யாரும் சொல்லவில்லை. பெரிய மனுஷனுக்கு ஒரு நியாயம், பையனுக்கு ஒரு நியாயம்.

ஒரே ராத்திரியில் கட்டுக் கட்டாகத் திருத்துகிறார்கள், அது எனக்கும் தெரியும். பாவம்தான். ஆனால் வட்டம் போட நேரம் இருந்ததே.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால், 1991ல் நானும் பத்தாவதுதான் படித்தேன். தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்ததற்கு வாத்தியார் வகுப்பில் தாளைத் தூக்கிக் காட்டி, "கூட்டல் கழித்தலே வராதவனுக்கு சயின்ஸ் குரூப் ஒரு கேடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்தேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை, அறுவடை நேரம். இப்போது உரக்கடையில் விடிந்தால் அடைந்தால் கணக்குதான். 2018ல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனபோது நாலைந்து பேருக்குப் பழைய கணக்கிலேயே மூட்டை சொல்லிவிட்டேன். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பது சரி, மூட்டை எண்ணிக்கைதான் தப்பு. வந்து திட்டினார்கள், திருத்திக் கொடுத்தேன், இன்னும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். உரம் போடத் தெரியாதவன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி தம்பி மகன் அந்த ஹீட்டர் கணக்கை மறுபடி போட்டு எடுத்து வந்தான். "பெரியப்பா, இப்பப் பாருங்க." ஓரத்தில் 46ஐ 5ஆல் மூன்று தடவை பெருக்கிச் சரிபார்த்திருக்கிறான், பேனா அழுத்தத்தில் தாள் கிழியாத குறை. 5 ஆம்பியர், 1150 வாட், கடைசியில் 2.3. பக்கத்தில் யூனிட் எழுத மறந்துவிட்டான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.