தூணைப் பார்த்தால் கோயில்தானா?

அந்த ரீல்ஸை இங்கே பகிரப் போவதில்லை. நம் மாவட்டத்தில் அது வராத போன் இருக்காது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று பழைய நண்பன் ஒருவனே, "என்னடே, இதுக்கு என்ன சொல்லுத?" என்று அதை அனுப்பிய பிறகு முடியவில்லை.

இடிந்து கிடக்கும் பள்ளிவாசல் முன்னால் நின்று, ஒரு கல்தூணைத் தட்டி, "இது என்னன்னு உங்களுக்கே தெரியும் மக்களே" என்கிறார் ரீல்ஸ் போட்ட தம்பி. கோயிலை இடித்துக் கட்டிய பள்ளி இது என்று சொல்லாமல் சொல்கிறார். தெரியும் தம்பி. அது தூண். கல்லாசாரி அடித்த தூண்.

கோயிலுக்குக் கூப்பிட்டால் கோயில் கட்டினார், பள்ளிக்குக் கூப்பிட்டால் பள்ளி கட்டினார். இரண்டுக்கும் தனித்தனி உளியா வைத்திருந்தார்? கீழக்கரைக்குப் போய்ப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு, சீதக்காதி காலத்துப் பள்ளி. அதுவும் கல்மண்டபம்தான், தூணும் அதன் தலையில் உத்தரம் தாங்கும் போதிகையும்தான். உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியுமாக இருக்கும். கோழிக்கோடு மிஸ்கால் பள்ளி மரமும் ஓடுமாக அடுக்கடுக்காக நிற்கும். தூரத்துப் பார்வைக்குக் கேரளத்துக் கோயில் போலத்தான் தெரியும். 1510இல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். பள்ளி என்று தெரிந்துதான் வைத்தார்கள், அவர்களுக்குக்கூட இந்தக் குழப்பம் வரவில்லை. 1571இல் கோழிக்கோட்டு இந்து ராஜா சாமூதிரி, போர்த்துகீசியரின் சாலியம் கோட்டையைப் பிடித்து இடித்தபோது, அங்கிருந்த மரங்கள் இந்தப் பள்ளியைச் சரிசெய்ய வந்தன. அதற்கு ரீல்ஸ் போட ஆள் இல்லை.

"அப்போ கோயிலை இடித்துப் பள்ளி கட்டவே இல்லையா?" என்று கேட்பீர்கள். கட்டினார்கள். டெல்லி குதுப் மினார் பக்கத்துப் பள்ளியின் கல்வெட்டே 27 கோயில்களின் கல் என்று சொல்கிறது. சரி, அதற்குத் தக்கலையில் இருக்கிற நான் என்ன செய்ய? சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள், 13ஆம் நூற்றாண்டில் அது பகவதி கோயில் ஆனது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூணிலும் சமணர்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போய்த் தட்டுவீர்களா? வேண்டாம், தட்டாதீர்கள். ஆவணி ஞாயிற்றுக்கிழமை அங்கே பால் ஊற்றப் போகிறவர்களோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"நீங்களே உங்க பள்ளியை ஒழுங்கா வெச்சுக்கலையே" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதுதான் சுட்டது. ஏனென்றால் அது உண்மை.

எங்கள் ஊர்ப் பழைய பள்ளியை இடித்தது எந்தப் படையும் இல்லை, நாங்கள்தான். மழைக்கு ஒழுகுகிறது, வெள்ளிக்கிழமை இடம் போதவில்லை என்றார்கள். இரண்டும் நிஜம்தான். பின்னால் இடம் கிடந்ததே, அங்கே கட்டியிருக்கலாம். கூட்டத்தில் வாப்பா எழுந்து, "கல்லு எங்கேயும் போவாது, பக்கத்துல கட்டுங்க" என்றார். "உமக்குப் பழசு மேலதான் பிரியம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. இப்போது அங்கே பச்சை பெயின்ட் அடித்த கான்கிரீட் குவிமாடம் நிற்கிறது. அந்தக் குவிமாடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் கல்தூண் என்றதும் கோயில் தெரிகிறது. தம்பியை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நாமே மறந்துவிட்டோம் அல்லவா?

தூண்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிப்போனார்கள். இரண்டு தூண் மையவாடி (அடக்கஸ்தலம்) மதிலோரம் புதைந்து கிடக்கிறது. உடைந்த ஒரு துண்டை வாப்பா மாட்டுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது எங்கள் புறவாசலில் துவைகல் ஆகிவிட்டது. ஒரு பக்கம் எட்டுப் பட்டை, மேலே ஒரு தாமரை. துவைத்து முடிந்தால் சோப்பு இதழ்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், உம்மா ஈர்க்கில் குச்சியால் ஒவ்வொரு இதழாகக் குத்தி எடுப்பாள்.

ரீல்ஸை உம்மாவிடம் காட்டினேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நம்ம கல்லு மாதிரில்லா இருக்கு" என்றாள்.